வீடு சுத்தமாக இருந்தது

ஜனவரி 9

அன்புள்ள தம்பி,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். பக்கவாதம் அப்பாவின் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் காதைத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அடுக்களையில் நான் முணுமுணுத்தால் கட்டிலிலிருந்து பதில் வருகிறது. வேலைக்காலம் முழுக்க டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். கடைசி சீட்டில் யார் கிசுகிசுத்தாலும் கேட்டுப் பழகியவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பதற்கு மேல் நான் என்ன பேச? இப்போதுகூட "என்ன எழுதுற?" என்றார். தைக்க வந்திருக்கிற துணி அளவு என்று சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வட்டார நலவாழ்வு மையம் திறந்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்குக் காலையில் ஓர் ஆளை அனுப்புகிறார்கள். நமக்கு வந்திருப்பவருக்கு நான் பயில்வான் என்று பெயர் வைத்திருக்கிறேன். அப்பாவை ஒரு தலையணையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போகிறார். வாரத்தில் இரண்டு நாள் மையத்து வேன் வந்து அப்பாவை அழைத்துப் போகிறது. வேன் கிளம்பும்போது "ரைட், போலாம்" என்று இவர்தான் குரல் கொடுக்கிறார். டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் டீயைச் சூடாகக் குடித்து எத்தனை காலம் ஆகிறது தெரியுமா? இப்போது குடிக்கிறேன்.

மையத்தில் கண் பரிசோதனை நடந்தது. வரிசை சின்னதாக இருந்ததால் நானும் நின்றேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம், இடது கண்ணில் அதிகமாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அதன் பிறகு சில வாரம் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. பயில்வான் வருகிறாரே, அந்தச் சில வாரம் அப்பாவை மையத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளவும் இடம் இருக்கிறதாம். அதனால் நீ கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். குளிர்தான் எலும்பைப் பிடுங்குகிறது. அப்பாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

கடிதம் கண்டு சந்தோஷம். ஆபீஸில் கடிதம் வருகிற ஒரே ஆள் நான்தான், எல்லாரும் காதலியா என்று கேலி செய்கிறார்கள். கிடங்கு மேலாளராக என்னை உயர்த்தியிருக்கிறார்கள் அக்கா. அப்பாவிடம் சத்தமாகச் சொல்லு. சத்தமாகச் சொல்லத் தேவையில்லை போலிருக்கிறதே!

கண் விஷயத்தில் அசட்டையாக இருக்காதே. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. கீரை சாப்பிடு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சித்தப்பா போன் செய்து, "என்னடா, அப்பாவ மையத்துல கொண்டுபோய்ப் போடப் போறீங்களாமே?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பெற்ற பிள்ளை இருக்கும்போது ஊரான் வந்து குளிப்பாட்டுகிறான் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நான் தப்பாகச் சொல்லவில்லை. யோசித்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். எப்படியும் உன்னால் முடியாதது எது அக்கா?

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன் தம்பி

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பி,

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. சின்ன வயதில் உனக்கு நெஞ்சுச் சளி வந்தால் வீடே தூங்காது. இங்கே எல்லாம் வழக்கம்போல.

மேலாளர் ஆன செய்தியை அப்பாவிடம் சொன்னேன். அன்று பயில்வானிடம் சொன்னார், மறுநாள் வேன் டிரைவரிடம் சொன்னார், பிறகு பால்காரரை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

சித்தப்பாவை விடு. நாலு பேர் என்கிறாயே, அந்த நாலு பேரில் ஒருவர் வந்து அப்பாவின் ஒரு காலைப் பிடித்தால்கூடப் போதும் எனக்கு.

உதவி யாருக்குத் தொடர வேண்டும், யாருக்கு நிறுத்த வேண்டும் என்று பார்க்க மையத்து நர்ஸ் வந்தார். கண்ணாடி போட்ட அம்மாள், அளந்து பேசுகிறார். வருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பளிச்சென்று இருக்க வேண்டாமா? தரையைத் தேய்த்துக் கழுவினேன். தையல் குப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அப்பாவுக்கு ஷேவ் செய்து, பழைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். அவரும் லேசுப்பட்டவரா? நர்ஸ் கேட்க வேண்டியதுதான் தாமதம்.

"எனக்கென்னம்மா கொறச்சல்? நானே எழுந்து நடப்பேன்" என்று இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தே நின்றுவிட்டார்! அந்தம்மாள் போன பிறகு அவரைக் கட்டிலில் சேர்க்க எனக்கு இடுப்பு முறிந்தது.

"வீடு கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார் நர்ஸ். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

நெருங்கிய சொந்தம் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவார்கள். உள்ளதை உள்ளபடி சொல். ஆபரேஷன் ஆனால் அக்காவால் அப்பாவைத் தூக்க முடியாது, என்னாலும் லீவு போட்டு வர முடியாது, அதனால் மையத்து உதவி தேவை. இவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஜூன் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? இங்கே நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, கிடங்கில் சரக்கு மலையாகக் குவிந்துவிட்டது.

நர்ஸ் கூப்பிட்டார். பேசினேன். நல்ல மாதிரியான அம்மாள். எல்லாம் நல்லபடியாகத்தான் பேசி வைத்திருக்கிறேன், கவலை வேண்டாம். என் மேலதிகாரி அப்போது பக்கத்தில்தான் இருந்தார். "வீட்டப் பத்தி எவ்வளவு அக்கறை உங்களுக்கு!" என்று தட்டிக்கொடுத்தார்.

வீடு மாற்றிவிட்டோம். பால்கனியிலிருந்து பார்த்தால் ரயில் தெரியும். விலாசம் பின்பக்கம்.

ஆமாம், உன் எழுத்துக்கு என்ன ஆயிற்று? ஒரு வரி இன்னொரு வரி மேல் ஏறி நிற்கிறதே, அப்பா பஸ்ஸில் கூட்டம் மாதிரி!

அன்புடன் தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி,

நீங்கள் புது வீட்டில் சுகமாக இருங்கள். ரயில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால் சரி.

பயில்வானை நிறுத்திவிட்டார்கள். வேனும் வராது. குடும்பத்தின் ஆதரவு போதுமானதாக இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்களாம். மையத்துக்கு ஓடினேன். நர்ஸ் வெளியே போயிருந்தார். மேஜையில் இருந்தவர், "வீடு நல்லா இருக்கு, பெரியவரு எழுந்து நிக்கறாரு, உங்கள விடக் கஷ்டப்படறவங்க இருக்காங்களேம்மா" என்றார். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் பயில்வான் போகிறாராம். அங்கே வாசலிலேயே மூக்கைப் பொத்த வேண்டுமாம்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தரையை என்ன தேய்ப்பு தேய்த்தேன்! உதவி கேட்கப் போகிறவள் உதவியே வேண்டாம் என்பதுபோல வீட்டை அலங்கரித்து வைத்தால் எவள்தான் கொடுப்பாள்? அப்பாவுக்கு வருத்தம் என்று வெளியே காட்டவில்லை. ஆனால் வேன் வருகிற நேரத்துக்கு வாசலையே பார்க்கிறார். இனி வராதுப்பா என்று ஒருமுறை சொன்னேன், திரும்பச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நீ எடுத்துச் சொல்லியுமா நிறுத்தினார்கள்?

போகட்டும். மறுபடி பார்க்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்டால் பரிசீலிப்பார்களாம். மே மாதத்துக்குள் கேட்க வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை, மேலாளர் நீ பேசினால் எடுபடும். ஒரே ஒரு போன் செய், தம்பி. ஜூன் தேதியை விட்டால் ஆஸ்பத்திரியில் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். உன் மனைவிக்கு என் அன்பு.

உன் அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே நாங்கள் நலம்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா? அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டு நடக்க நடைச்சட்டம், உனக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. நல்ல கம்பெனி.

மையத்துக்குப் பலமுறை முயன்றேன், லைனே கிடைக்கவில்லை. அரசாங்க விவகாரமே அப்படித்தான். அதற்கு எதற்கு அக்கா அவர்கள் காலைப் பிடித்துத் தொங்க வேண்டும்? அக்கம்பக்கத்தில் ஒரு நம்பகமான ஆளைப் பார்த்துப் போட்டுக்கொள். ஆபரேஷன் தேதி நெருங்குகிறது அல்லவா? தைரியமாகப் போய் வா. உன்னால் முடியாதது ஒன்றும் இல்லை என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன்.

அப்பாவுக்கு வணக்கம்.

அன்புடன் தம்பி

ஜூன் 15

அன்புள்ள தம்பி,

நலமாக இரு. பார்சல் வந்தது. நடக்க முடியாதவருக்கு வந்த நடைச்சட்டத்தில் இப்போது துண்டு காயப்போடுகிறேன்.

ஆஸ்பத்திரித் தேதி போய்விட்டது. உன் கடிதம் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அப்பாவை யாரிடம் விட்டுப் போவது? பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு மணி நேரம் என்றால் பார்க்கிறேன் என்றார். அவரும் மூட்டுவலிக்காரர், குறை சொல்ல முடியாது.

அன்று காலை அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கியபோது இடது கண்ணுக்குள் ஊசியால் குத்தியது போல ஒரு வலி. அதிலிருந்து அந்தப் பக்கம் கொஞ்சம் மங்கல். மற்றபடி ஒன்றுமில்லை. நிலைக்கதவு அடிக்கடி என் தோளில் வந்து மோதுகிறது, அதற்கு என்ன கோபமோ! நேற்று ஒரு பள்ளிச் சீருடைக்குக் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். அந்தப் பையனின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த துணியை வேறு டெய்லரிடம் கொடுத்திருக்கிறாள்.

அப்பா உன்னைக் கேட்டார். நான் நல்லபடியாகச் சொன்னேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொட்டு மருந்து வாங்க மையத்துக்குப் போயிருந்தேன். வாசல் தூணில் மோதிக்கொண்டதை நர்ஸ் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"என்னம்மா இது? ஆபரேஷன் ஆகலயா? தம்பி வந்திருந்தாரே?"

"எந்தத் தம்பி?" என்றேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அவருதான சொன்னாரு, ஜூன்ல லீவு போட்டுட்டு வந்துடறேன், அப்பாவ நானே பாத்துக்கறேன்னு. நானும் விடல. வேணும்னா ஆளத் தொடர்ந்து அனுப்பறோம் சார்னேன். 'மகன் நான் இருக்கும்போது எதுக்கு மேடம்? எங்க அக்காவால முடியாததும் எதுவும் கெடையாது'ன்னாரு. எவ்வளவு நல்ல பிள்ளைன்னு நான் இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்மா."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். லைன் கிடைக்கவில்லையாமே என்று கேட்டேன். "அந்த போன் என் மேஜையிலதான் இருக்கு. மறுபடி பாக்கச் சொல்லி யாரும் கூப்பிடல" என்றார்.

தம்பி, நான் தரையைத் தேய்த்ததால்தான் போயிற்று என்று இத்தனை மாதம் என்னையே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தரையிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வயிறு எரிகிறது. ஆனால் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த மதிப்பீடு நவம்பரில். மகன் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று பதிவேட்டில் இருக்கிற வரைக்கும் நம் பெயர் வரிசையில் கடைசியில்தான் நிற்குமாம். நீயே கூப்பிட்டு மாற்றிச் சொன்னால் போதும். என்னால் வர முடியாது என்று ஒரு வாக்கியம். வரச் சொல்லவில்லை. பணம் கேட்கவில்லை. முடியாது என்று சொல், அவ்வளவுதான். வலது கண்ணாவது நிற்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது தேவலை.

உன் கடிதம் கிடைத்தது. அந்த நர்ஸ் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. போனில் சொல்வது சரியாகக் கேட்காது அல்லவா? வரப் பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பேன். இப்போதும் வரத்தான் பார்க்கிறேன். அப்படியிருக்க, முடியாது என்று ஒரு மூன்றாம் மனுஷியிடம் எப்படிச் சொல்வது? அப்பா காதில் விழுந்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? வருட இறுதியில் எப்படியும் நேரில் பேசிக்கொள்ளலாம். நீ எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே ஒரு கண் டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். கவலைப்படாமல் இருந்தாலே அழுத்தம் குறையும் என்றார்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன் தம்பி

நவம்பர் 20

தம்பி,

இந்தக் கடிதத்தை உரக்கப் பேசிக்கொண்டேதான் எழுதுகிறேன். இனி யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை.

மதிப்பீட்டு நாள் வந்தது. தரையைத் தொடவில்லை. பாத்திரங்களைத் தொட்டியிலேயே விட்டேன். அப்பாவின் ஈரத் துணியைக்கூட மாற்றவில்லை. அதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனால் மாற்றவில்லை. "அந்தம்மா வர நேரமாச்சு, ஷேவ் பண்ணி விடு. அந்தக் காக்கிச் சட்டைய எடு" என்றார். இல்லப்பா, இப்படியே இருங்க என்றேன். ஏன் என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சொல்ல வேணாம். நீ எழுதும்போதே முணுமுணுத்துக்கிட்டேதான எழுதற? துணி அளவாம், துணி அளவு" என்றார்.

ஆரம்பத்திலிருந்தே தெரியும் அவருக்கு. எல்லாம் தெரிந்த பிறகும் பால்காரரிடம் மகன் மேலாளர் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் நல்ல கையால் என் தலையைத் தட்டினார், அவ்வளவுதான்.

நர்ஸ் வந்தார். எதையும் கேட்காமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா, கூட இருந்து பாத்துக்க யாரு இருக்கா?" என்றார்.

"இவதான். இவளுக்கும் கண்ணு போயிட்டிருக்கு."

"நடப்பீங்களா?"

"மாட்டேன்மா. அன்னிக்கு ஜம்பத்துக்கு நின்னேன்."

"உங்க மகன்?"

"மகன்லாம் யாரும் இல்ல."

"அப்ப அன்னிக்கு என்கிட்ட போன்ல பேசினது?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது ராங் நம்பர்மா."

நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாதா என்ன? பேனாவை எடுத்து எதையோ அடித்தார். "சரிங்கய்யா, துணைக்கு யாரும் இல்லன்னே போட்டுக்கறேன்" என்றார். அவர் போன பிறகு அப்பா முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. நான் கொடுத்த கஞ்சியையும் தொடவில்லை.

மறுநாளே பயில்வான் வந்தார். நர்ஸே பேசி ஆஸ்பத்திரியில் இடம் வாங்கினார். போன வாரம் அப்பாவை மையத்தில் சேர்த்துக்கொண்டு என்னை அங்கே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நர்ஸ்தான். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் போனது போனதுதான். ஜூனில் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் பேச்சை மாற்றிவிட்டேன். மையத்திலிருந்து அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை. அங்கே கூட்டிப்போன அன்று வேன் கிளம்பும்போது அவர் ரைட் சொல்லவே இல்லையாம். டிரைவர்தான் வருத்தப்பட்டார்.

வருட இறுதியில் வருவதாக எழுதியிருந்தாய். வராதே. கடிதமும் போடாதே. யாரும் இல்லாத வீடு என்றுதான் எங்களுக்கு உதவி வருகிறது. காலையில் தபாலை எடுத்து வந்து மேஜையில் வைப்பது பயில்வான். அன்புடன் தம்பி என்று ஒரு கடிதம் அவர் கையில் அகப்பட்டால், அப்பா சொன்னது பொய்யாகிவிடும். வாழ்நாளில் ஒரு டிக்கெட் குறையக் கிழிக்காத மனுஷன் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அது. பொய்தானா என்றும் இப்போது எனக்குத் தெரியவில்லை.

முடிக்கும்போது உன் சுகத்தை விசாரிக்கக் கை தானாகப் போகிறது, பழக்கம். ராங் நம்பரிடம் என்னவென்று விசாரிப்பது?

வைத்துவிடுகிறேன்.